திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டம், கோப்புத் தளத்துக்கு வெறும் மெயிலா?

அண்ணாநகர் பதிப்பாளர்:
நாங்கள் போட்ட குரூப் 4 வழிகாட்டி கடைக்குப் போன வாரமே ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் பிடிஎஃப் ஆக வந்துவிட்டது. லிங்க்கைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன், எடுத்தார்கள். அடுத்த நாளே அதே ஸ்கேன், மூலை மடங்கிய பக்கம்கூட அப்படியே, வேறு லிங்க்கில். மறுபடி மெயில், மறுபடி லிங்க். வேகமாக இறக்க அந்தத் தளத்துக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஆக, என் புத்தகத்தில் அவர்களுக்கு வரும்படி உண்டு. தமிழ்நாட்டில் 2004லேயே குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருட்டைக் கொண்டுவந்தார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாட்பாரத்தில் விசிடி விற்றவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். சர்வரில் வைத்துக் காசு பார்ப்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்றால் விட்டுவிடுவதா?

திருநகர் சர்வர்:
அண்ணே, சர்வர் நடத்துகிறவன் சொல்கிறேன், கோபம் நியாயம்தான். ஆனால் விசிடி விற்றவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியும். கல்யாண ஆல்பம், கம்பெனி பேக்கப், உங்கள் பிடிஎஃப் எல்லாம் ஒரே சர்வரில்தான் ஏறுகின்றன. மண்டபத்தை வாடகைக்கு விட்டவர், உள்ளே யாருடைய பாட்டைப் பாடுகிறார்கள் என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாரா?

ஒத்தக்கடை வக்கீல்:
மண்டபம் உங்களுக்கே எதிராகத் திரும்பும் தம்பி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு அதைத்தான் பேசுகிறது. லாபத்துக்காக இடம் கொடுத்தவரும் பொறுப்பாளிதான். மீறல் நடப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்றால் தப்பலாம். ஆகவே ‘தெரிந்தது’ எப்போது என்பதில்தான் வழக்கே நிற்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, மற்றவர்கள் ஏற்றியதற்குத் தளங்களைப் பொறுப்பாக்காமல் பாதுகாப்பு தருகிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்குத் ‘தெரிந்ததாக’ ஆகும் என்றது. அது பேச்சுரிமை வழக்கு. பதிப்புரிமை விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் பாட்டு, வீடியோ பகிரும் மைஸ்பேஸ் தளத்தின் வழக்கில், உரிமையாளரின் நோட்டீஸே போதும் என்றது. ஆனால் இன்ன கோப்பு, இன்ன இடம் என்று சுட்ட வேண்டும். ‘என் புத்தகம் எங்கே இருந்தாலும் தூக்கு’ என்பது செல்லாது.

பதிப்பாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிப்புரிமை விதிகளின்படி புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் கோப்பை முடக்க வேண்டும். அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு வாங்கவில்லை என்றால் அவர்கள் திறந்துவிடலாம்.

அண்ணாநகர் பதிப்பாளர்:
அப்புறம் நான் புத்தகம் போடுவதா, லிங்க்குக்குக் காவல் இருப்பதா சார்? எல்லாவற்றையும் வடிகட்டச் சொல்லவில்லை. ஒருமுறை எடுத்த அதே கோப்பு மறுபடி ஏறும்போது தடுக்கட்டும். அவ்வளவுதான்.

திருநகர் சர்வர்:
பைட் மாறாத அதே கோப்பு என்றால் ஹேஷ், அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீடு, வைத்துத் தடுக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் திருடுபவர் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்தால் ஹேஷ் மாறிவிடும். ‘கொஞ்சம் மாறியதையும் பிடி’ என்றால் எல்லோருடைய கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட் உட்பட.

உசிலம்பட்டி வாசகி:
எனக்குப் பயமே இந்த வடிகட்டிதான். 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடையைக் காட்டி இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் விமியோ என்ற வீடியோ தளத்தையே மூடிவைத்தன. பிறகு ஜூன் மாதம், குறிப்பிட்ட லிங்க்குகளை மட்டும் தடுங்கள் என்று கோர்ட்டே திருத்த வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பெயரிலேயே 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை, யாரும் பகிரலாம். ஒரு பதிப்பகம் தன் கல்கிப் பதிப்பைக் காட்டிப் புகார் கொடுத்தால், எந்த வடிகட்டி பிரித்துப் பார்க்கும்?

அப்புறம் விலை. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எல்லாம் கிடைக்கும், சரி. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தா படிக்க முடியும்?

அண்ணாநகர் பதிப்பாளர்:
பஸ்ஸுக்குக் காசில்லாதவர் தளத்துக்குச் சந்தா மட்டும் எப்படிம்மா கட்டுகிறார்? உங்கள் ஊர் நூலகத்துக்கு நான் பிரதி அனுப்புகிறேன், முகவரி சொல்லுங்கள். அதற்காகச் சந்தா வாங்குபவரை நியாயப்படுத்த வேண்டாம்.

ஒத்தக்கடை வக்கீல்:
2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் 1337எக்ஸ் என்ற திருட்டுப் படத் தளத்தின் வழக்கில், திருட்டுக்கென்றே நடக்கும் தளங்களைத் தனியாகப் பிரித்தது. நடத்துபவர் யார் என்று மறைப்பது, நோட்டீஸைக் கண்டுகொள்ளாதது, இருப்பதில் பெரும்பகுதி திருட்டுச் சரக்கு என்பதெல்லாம் அடையாளங்கள். அப்படிப்பட்ட தளம் வேறு பெயரில் முளைத்தால், புது வழக்கு போடாமலே தடைப் பட்டியலில் சேர்க்கலாம். உங்கள் புத்தகம் ஏறிய தளம் மெயில் போட்டால் எடுத்துவிடுகிறது, அதனால் அந்த வழி கடினம்.

ஏற்றுபவரைப் பிடியுங்கள். 2022இல் ஒரு பயிற்சி ஆசிரியரின் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 62ஆம் பிரிவுப்படி நீங்கள் தொழில் நடத்தும் ஊரிலேயே, மதுரை மாவட்ட நீதிமன்றத்தில், வழக்குப் போடலாம்.

திருநகர் சர்வர்:
விவரம் என்று கிடைப்பது ஒரு போலி மெயிலும், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் முகவரியுமாக இருந்தால்?

அண்ணாநகர் பதிப்பாளர்:
இருக்கட்டும். யாரென்றே தெரியாத ஆளுக்கு அந்தத் தளம் கணக்குக் கொடுத்தது என்பதாவது கோர்ட்டில் பதிவாகுமே. வக்கீல் சார், வியாழக்கிழமை வரலாமா? மெயில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன்.