அப்பா போனில் குரல் உதவி பேசவில்லை, அவசரம்

திருமங்கலத்து மகள் (சனி, மாலை 4.10)
வணக்கம். அப்பாவின் போனில் இருக்கும் குரல் உதவி பேச மாட்டேன் என்கிறது. ஒரு வாரமாக இதே தொல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்தாகிவிட்டது. நாளை ராத்திரி நான் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், அதற்குள் சரியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மேலூர்க்காரி (4.18)
என்ன போன் அக்கா? ஆண்ட்ராய்டா, ஐபோனா? தமிழில் பேசுகிறாரா, இங்கிலீஷிலா?

சிம்மக்கல் சர்வீஸ் (4.25)
பேசவில்லை என்றால் மூன்று விதம் இருக்கிறது அக்கா. கூப்பிட்டால் எழவே இல்லையா? எழுந்து, சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறதா? இல்லை, எல்லாம் சரியாகக் கேட்டும் சத்தம் மட்டும் வரவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. என் கைக்கு வருவதில் பாதி மைக் ஓட்டை அடைத்ததுதான். போனின் அடியில் சார்ஜ் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசியை மட்டும் உள்ளே விடாதீர்கள். காய்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும்.

பழைய கை (4.40)
இங்கே கேள்வி போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாடல் இல்லை, ஆண்ட்ராய்டு எண் இல்லை, என்ன முயற்சி செய்தீர்கள் என்ற விவரம் இல்லை. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படியும் காரணம் எனக்குத் தெரியும். பெரியவர்கள் ஊர்ப் பேச்சில் பேசுவார்கள், இயந்திரத்துக்கு அது புரியாது. திருத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை (4.52)
பழைய குரல் உதவியான அசிஸ்டன்ட் இருந்த இடத்துக்கு ஜெமினி என்ற புதியதைக் கொண்டுவரப் போவதாக 2025 மார்ச்சிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. போன் தானாக மாறியிருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், டிஜிட்டல் அசிஸ்டன்ட் என்று போய் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அதே கையோடு கூகுள் ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திருமங்கலத்து மகள் (5.30)
மன்னிக்கவும், பதற்றத்தில் போட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு 13. வாங்கி இரண்டரை வருடம். "ஹே கூகுள்" என்றால் எழவே இல்லை. அதைத் தாண்டினால்தானே மற்றது.

அப்பாவுக்கு கிளாக்கோமா. வலது கண் முழுதாகப் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான். தனியாக இருக்கிறார். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து வாய்க்கு நேரே பிடித்து, "பெரியவளுக்குப் போன் போடு" என்பார். அப்படித்தான் ஒன்றரை வருடமாக என்னிடம் பேசுகிறார். இந்த வாரம் நாலு நாள் போன் வரவில்லை. பயந்து ஓடி வந்தேன். வந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எத்தனை தடவை கூப்பிட்டாரோ.

மைக் ஓட்டையில் விபூதி இருந்தது, பையில் பொட்டலம் வைத்திருப்பார். பிரஷால் துடைத்துவிட்டேன். மாற்றம் இல்லை. மைக் அனுமதி இருக்கிறது.

சிம்மக்கல் சர்வீஸ் (5.41)
விபூதி என்றால் சும்மா துடைத்தால் போகாது அக்கா, வியர்வையோடு சேர்ந்து இறுகிவிடும். ஒரு சோதனை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு குரல் செய்தி அனுப்பிக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் மைக் நல்ல மைக். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தால் அடைப்பு.

மேலூர்க்காரி (5.44)
படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. இன்றைக்கே சரியாகிவிடும் அக்கா.

பழைய கை அண்ணனுக்கு ஒன்று. எங்கள் அம்மாச்சி "அங்கிட்டு இருக்கவனுக்குப் போனைப் போடு" என்று சொல்வதில்லைதான். ஆனால் "மாமாவுக்குப் போன் அடி" என்றால் அடிக்கிறது. ஊர்ப் பேச்சு புரியாது என்பது சரியில்லை.

பழைய கை (5.58)
ஒரு அம்மாச்சியை வைத்து முடிவு செய்ய முடியாது. தமிழ் எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு வேறு. மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, கோவைப் பேச்சு எல்லாவற்றையும் இயந்திரம் படித்திருக்காது.

ஒத்தக்கடை (6.07)
கூகுள் தமிழில் குரல் தட்டச்சு கொண்டுவந்தது 2017 ஆகஸ்டில். அன்றைக்கு நான் "வர்றேன்" என்றால் "வரேன்", "வரன்" என்று என்னென்னவோ எழுதும். இப்போது பெரும்பாலும் சரியாக எழுதுகிறது. நாம் பேசப் பேசத்தான் அது தேறும். எங்கள் பேச்சை நாங்கள் ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்?

மேலூர்க்காரி (6.15)
அதேதான். உண்மையான சிக்கல் பேச்சில் இல்லை, பேரைச் சேமிப்பதில். அம்மாச்சி போனில் எல்லாப் பேரும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. "பெரியம்மா" என்றால் யாரோ ஒருவருக்குப் போகும். உட்கார்ந்து நாற்பது பேரையும் தமிழ் எழுத்தில் மாற்றினேன், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே. அதிலிருந்து தப்பு அபூர்வம்.

பழைய கை (6.22)
பெயரைச் சரியாகச் சேமிப்பது அடிப்படை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வாடிப்பட்டி வாத்தியார் (6.50)
தமிழ்ச் சண்டை அப்புறம் இருக்கட்டும். இந்தப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூப்பிடும் சொல்லைக் கேட்பது ஒரு வேலை, அதற்குப் பிறகு நாம் சொல்வதைப் புரிந்துகொள்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்குப் போனுக்குள்ளேயே ஒரு சின்னக் காவலாள் போல ஒன்று எந்நேரமும் விழித்திருக்கும். அதற்கு "ஹே கூகுள்" என்ற இரண்டு சொல் தவிர வேறெதுவும் தெரியாது. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அது எழுப்பினால்தான் பேச்சு அடுத்த கட்டத்துக்கே போகும். ஐயா போனில் அந்தக் காவலாள்தான் தூங்குகிறது.

மகளே, மூன்று கேள்வி. மைக் படத்தை விரலால் தொட்டால் பேசுகிறதா? நாள் முழுக்க இப்படியா, ஏதாவது ஒரு நேரத்திலா? இந்த நிமிடம் சார்ஜ் எவ்வளவு?

சிம்மக்கல் சர்வீஸ் (7.02)
மதியத்தில் மட்டும் என்றால் சூடாகவும் இருக்கலாம் வாத்தியாரே. இந்த வெயிலில் சட்டைப் பையில் வைத்தால் போன் கொதிக்கிறது.

வாடிப்பட்டி வாத்தியார் (7.06)
சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கேமரா மூடிக்கொள்ளும். இது மட்டும் தனியாக நிற்காது தம்பி.

திருமங்கலத்து மகள் (8.35)
இப்போது பேசுகிறது! நான் ஒன்றுமே செய்யவில்லை. சார்ஜில் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன், அப்பா கூப்பிட்டார், அது "சொல்லுங்கள்" என்கிறது.

கேட்டதற்குப் பதில்: மைக் படத்தைத் தொட்டால் எப்போதும் பேசும், ஆனால் அப்பாவுக்கு அந்தப் படம் தெரியாதே. குரல் செய்தி தெளிவாக இருந்தது. காலையில் சில நாள் எழுந்திருக்கிறது என்கிறார், மதியத்துக்கு மேல்தான் எழுவதில்லையாம். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் நான்.

பழைய கை (8.41)
நிறுத்திப் பேசியிருப்பார். அதனால்தான் எழுந்திருக்கிறது.

வாடிப்பட்டி வாத்தியார் (8.49)
சார்ஜில் போட்டதும் எழுந்தது என்றீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. பேட்டரி சேவர், அதாவது சார்ஜை மிச்சம் பிடிக்கும் வசதி. அது ஓடும்போது பல போன்களில் "ஹே கூகுள்" கேட்பது நின்றுவிடும், எந்நேரமும் விழித்திருப்பது சார்ஜைத் தின்னும் என்பதால். சார்ஜில் குத்தியவுடன் சேவர் தானாக விலகும், உடனே காது திறக்கும். பிடுங்கிச் சார்ஜ் இறங்கினால் திரும்பவும் மூடும். செட்டிங்ஸில் பேட்டரி, பேட்டரி சேவர் போங்கள். எத்தனை சதவீதத்தில் தானாக ஆன் ஆக வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும். அது எங்கே நிற்கிறது?

திருமங்கலத்து மகள் (9.12)
50-ல் நிற்கிறது. யார் வைத்தது என்று கேட்டால், போன வாரம் சார்ஜ் நிற்கவில்லை என்று அப்பா சொல்ல, பக்கத்து வீட்டுத் தம்பி வைத்துக் கொடுத்தானாம். நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான், பாவம்.

வாடிப்பட்டி வாத்தியார் (9.20)
10-க்கு இறக்குங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அசிஸ்டன்ட் திறக்கும்படி வைக்க முடியும், ஆண்ட்ராய்டு 12-லிருந்து அந்த வசதி உண்டு, செட்டிங்ஸில் ஜெஸ்ச்சர்ஸ் பக்கம் தேடுங்கள். பட்டனுக்குக் கண் தேவையில்லை. காவலாள் தூங்கினாலும் விரல் எழுப்பிவிடும். நாளை பஸ் ஏறுவதற்குள் ஐயா கையைப் பிடித்துப் பத்துத் தடவை பழக்குங்கள். அந்தப் பட்டன் மேல் ஒரு சின்னத் துணி பிளாஸ்திரி ஒட்டினால் விரலுக்குச் சீக்கிரம் தட்டுப்படும்.

பழைய கை (9.31)
பேட்டரி சேவர் என்று விவரம் வந்திருந்தால் நானே முதலில் சொல்லியிருப்பேன். ஆனாலும் திருத்தமாகப் பேசுவது நல்லது, அதில் மாற்றமில்லை.

மேலூர்க்காரி (9.33)
ஐயா எப்படிப் பேசினாலும் "பெரியவளுக்கு" என்றால் அவர் மகளுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அண்ணே எனக்கு வேண்டியது.

திருமங்கலத்து மகள் (ஞாயிறு, இரவு 10.48)
பஸ்ஸில் இருக்கிறேன். கோடு 10-ல் வைத்தாயிற்று. பட்டனும் பழகிவிட்டார், பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். மேலூர் தாண்டும்போது அவரே போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவுக்குத் தனியாக.

சிம்மக்கல் சர்வீஸ் (11.05)
சந்தோஷம் அக்கா. ஒன்று மட்டும். காலையில் நிறைந்த சார்ஜ் மதியத்தில் பாதிக்கு வருகிறது, அதுவும் அதிகம் பார்க்காத போனில் என்றால், இரண்டரை வருடத்துப் பேட்டரி தளர்ந்திருக்கிறது. இனி சேவரும் காப்பாற்றாது, சாயங்காலம் போனே அணைந்துவிடலாம். பின்மூடி லேசாக உப்பியிருக்கிறதா என்று பக்கத்து வீட்டுத் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதுவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சார்ஜில் போடும் வழக்கம் வரட்டும். பின்மூடி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.