நேராக இல்லாத நாலு கட்டம்

போன வருஷம் ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் ஆப் டிசைன் பண்ணினேன். ஃபிக்மா என்கிற டிசைன் மென்பொருளில் நிறம், ஐகான், நிழல் எல்லாம் போட்டு லேப்டாப்பில் காட்டினேன். ரிசப்ஷன் அக்கா இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்றார். எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

அடுத்த தடவை லேப்டாப்பையே எடுக்கவில்லை. அங்கே கிடந்த பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஆப் திரைக்கு ஒரு ஸ்கெட்சாக நாலு கட்டம் போட்டேன்: பேர், போன் நம்பர், டோக்கன், காத்திருக்கும் நேரம். கோடுகூட நேராக இல்லை. அக்கா என் பேனாவை வாங்கி போன் நம்பர் கட்டத்தை அடித்துவிட்டார். "மாமியார், மருமக, குழந்தைன்னு மூணு பேருக்கும் ஒரே நம்பரைத்தான் குடுப்பாங்க. அதை வச்சுத் தேடுனா யாரோட சீட்டோ வரும்." நான் அந்த நம்பரை நம்பித்தான் மொத்த ஆப்பையும் யோசித்திருந்தேன்! முடிந்துபோன மாதிரி தெரிகிற படத்தில் கைவைக்க யாருக்கும் மனசு வராது போல.

பதில்:
எங்கள் டீமில் ஏ4 தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிஷத்தில் எட்டு யோசனை வரைவோம். முதல் மூன்றும் வேறு ஏதோ ஆப்பில் பார்த்ததாகவே இருக்கும். ஐந்தாவதில் திணறும்போதுதான் சொந்தச் சரக்கு வெளியே வரும். ஒரு திரையோடு நிறுத்தாதீர்கள். தொட்டால் என்ன வரும், நெட் போனால் என்ன தெரியும் என்பதையும் அடுத்தடுத்து வரையுங்கள். 1996இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வருவதற்கு முன்னால், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது மீட்டிங் கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டி, நாள் பார்ப்பதுபோல நடிப்பாராம். என் கணக்கில் அதுவும் ஸ்கெட்ச்தான்.

பதில்:
எல்லாம் சரி, வரைந்தவர் பக்கத்தில் இருக்கும்வரைதான். நான் ஒயிட்போர்டில் கிறுக்கியதை மேனேஜர் போட்டோ எடுத்து டெவலப்பருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். இந்தத் திரையிலிருந்து அடுத்ததற்குப் போகணும் என்று நான் போட்ட அம்புக்குறி, வெள்ளிக்கிழமை டெவலப்பர் செய்து தந்த ஆப்பில் பச்சை பட்டனாக நின்றது. அழுத்திப் பார்த்தோம், எங்கேயும் போகவில்லை.