சிலாவத்துறையில பழைய முருகைக்கல் வீடு, திரும்பச் சீமெந்து பூசலாமோ?

முசலிப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மப்பான்ர வீடு கடலுக்குக் கிட்ட, வள்ளம் ஏத்துற இடத்துக்குப் பக்கத்தில. சுவர் முழுக்க முருகைக்கல்லும் (கடல் பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும், ரெண்டடித் தடிப்பு வரும். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில ஓடு, பனை வளை எல்லாம் போயிட்டுது, சுவர் மட்டும் நிண்டுது. திரும்பி வந்து மாமா தகடு போட்டு கீழ அரைச்சுவர் மட்டுக்கும் சீமெந்து பூசினவர். இப்ப அந்தப் பூச்சு பலகை பலகையா கழண்டு விழுது, உள்ள கையை வச்சா வெள்ளை மா மாதிரி உப்பு, கல்லும் சேந்து உதிருது. மேல பழைய சுண்ணாம்பு இருக்கிற பக்கம் ஒண்டும் ஆகேல்ல! மேசன் சொல்லுறார் திக்கா சீமெந்து போடுங்கோ இல்லாட்டி உடைச்சிட்டு புளொக் கல்லில கட்டுங்கோ எண்டு. உடைக்க எனக்கு மனமே இல்லை.

வாடைக்காத்து:
தங்கச்சி உடைக்க வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். நிலத்தில இருந்து உப்புத்தண்ணி சுவருக்குள்ள ஏறிக்கொண்டுதான் இருக்கும், பழைய சுவரில அதை முழுசா மறிக்கிறது கஷ்டம். சுண்ணாம்புப் பூச்செண்டா ஈரம் அதுக்குள்ளால வெளிய வந்து காயும், உப்பு பூச்சில பூத்து பூச்சுத்தான் உதிரும், கல் தப்பும். சீமெந்து ஈரத்தை விடாது, அப்ப உப்பு பூச்சுக்குப் பின்னால கல்லுக்குள்ளயே கட்டியாகி கல்லை வெடிக்க வைக்கும். நீங்க கண்டது அதுதான்.

அரிப்பூரான்:
கிட்டத்தானே அரிப்பில அல்லிராணிக் கோட்டை இருக்கு, ஒருக்கா போய்ப் பாருங்கோ. பேர்தான் கோட்டை, உண்மையில அது முதல் பிரிட்டிஷ் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பு பாக்க வந்தா தங்கிறதுக்கு 1801 தொடக்கம் 1804 வரைக்கும் கட்டின பங்களா. செங்கல் கட்டு, மேல சிப்பி சுட்ட சுண்ணாம்பு. அந்தக் காலத்தில சலவைக்கல் போல மினுங்கினதாம். கரையைக் கடல் அரிச்சு பாதிக் கட்டடம் போயிட்டுது, ஆனா நிக்கிற தூண்களில பூச்சு ஒட்டியிருக்கிற இடங்களில கீழ செங்கல் சுகமா இருக்கு, பூச்சு போன இடத்திலதான் செங்கல் குழி விழுந்து கிடக்கு. இருநூறு வருசத்துக்கு மேல கடல்காத்துக்கு முன்னால நிண்ட சாமான் அது. எங்கட ஊர்ச் சுண்ணாம்பை குறைச்சு நினைக்காதேங்கோ.

வாடைக்காத்து:
ஓம் அண்ணை சரியாச் சொன்னீங்கள். தங்கச்சி, செய்யிற முறை இதுதான். சீமெந்தை உளியால மெல்ல மெல்லக் கழட்டுங்கோ, மெசின் வேண்டாம், கல் உடையும். உப்பைக் காய்ஞ்ச பிரசால தட்டி எடுங்கோ, தண்ணி விட்டுக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளுக்குப் போயிடும். பிறகு சுவரை நல்லாக் காய விடுங்கோ. சுண்ணாம்பு ஒண்டுக்கு ஆத்து மண் மூண்டு, கடல் மண் கூடவே கூடாது. சுண்ணாம்பு எவ்வளவு நாள் ஊறுதோ அவ்வளவுக்கு நல்லது. மெல்லிசா ரெண்டு மூண்டு தரம் பூசி, ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கோ. மாசி பங்குனியில செய்யுங்கோ, சோளகம் எழும்பினா அந்தக் காத்துக்கு பூச்சு டக்கெண்டு காய்ஞ்சு வெடிக்கும்.

முசலிப்பிள்ளை:
பெரிய உதவி அண்ணை. உதிர்ந்த கல்லுக்குப் பதிலா புதுசா முருகைக்கல் எடுக்கேலுமோ?

அரிப்பூரான்:
கடலில எடுக்கிறது சட்டப்படி தடை பிள்ளை, அந்தப் பக்கமே போகாதேங்கோ. வளவில விழுந்து கிடக்கிற மதில் கல்லு இருந்தா அதைப் பொறுக்கி வையுங்கோ, காணாட்டி சின்னக் குழியளை செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வச்சு அடைக்கலாம். மேசனைக் கூப்பிட முதல் ஒரு மூலையில மட்டும் பூசி ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கோ.