மீம் காயின்: மார்க்கெட் கேப் 10 லட்சம் டாலர் என்றால் அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

தறிக்காரன்:
வணக்கம். சொலானா என்ற பிளாக்செயினில் (கிரிப்டோ காயின்கள் ஓடும் கணக்குச் சங்கிலி) புதிதாக வந்த ஒரு நாய்ப்பட மீம் காயினை வாங்கச் சொல்லி டெலிகிராம் குழுவில் நெருக்குகிறார்கள். மொத்தம் 100 கோடி காயின், ஒன்று 0.001 டாலர், மார்க்கெட் கேப் 10 லட்சம் டாலர், லிக்விடிட்டி 40,000 டாலர் என்று திரை காட்டுகிறது. 2021-ல் டோஜ்காயின் 70 சென்ட்டைத் தாண்டியது, இது ஒரு சென்ட்டைத் தொட்டாலே பத்து மடங்கு என்பது அவர்கள் கணக்கு. 20,000 ரூபாய் போடலாமா என்று யோசிக்கிறேன். 10 லட்சம் டாலர் மதிப்புள்ள காயின் ஒரே ராத்திரியில் எப்படிக் காணாமல் போகும்? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நஷ்டமானால் வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

கணக்குப்புலி:
அந்த 10 லட்சம் டாலர் எங்கேயும் இல்லை. கடைசியாகக் கைமாறிய விலையை மொத்தக் காயின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் மார்க்கெட் கேப். விற்பவர் கைக்கு வரக்கூடிய பணம் லிக்விடிட்டி பூலில், அதாவது காயினை வாங்கவும் விற்கவும் காயினும் பணமும் சேர்த்துப் போட்டு வைத்த பொதுத் தொகுப்பில், இருப்பது மட்டுமே. அந்த 40,000-லும் பாதி அதே காயின்தான். மறுபாதி சொலானாவின் சொந்த நாணயமான சோலாக இருக்கும், கணக்குக்கு டாலர் என்றே வைத்துக்கொள்வோம். ஆக பூலில் 20,000 டாலரும் 2 கோடி காயினும் இருக்கின்றன.

இந்த மாதிரிப் பூல்கள் பெரும்பாலும் ஒரே விதியில் ஓடுகின்றன: இரு பக்கத்து அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறக் கூடாது. ஒருவர் 2 கோடி காயினைக் கொண்டுவந்து கொட்டுகிறார் என்று வையுங்கள். திரைப்படி அவரிடம் 20,000 டாலர் இருந்தது. பூலில் காயின் 4 கோடியாக ஏறும், டாலர் 10,000 ஆக இறங்கும். அவருக்குக் கிடைப்பது 10,000. விலை 0.001-லிருந்து 0.00025-க்கு வந்துவிடும். மொத்தக் காயினில் வெறும் 2 சதவீதம் விற்றதற்கே விலையில் முக்கால் பங்கு போய்விட்டது.

இதே கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள், அதுதான் முக்கியம். விலை பத்து மடங்காக, அதாவது மார்க்கெட் கேப் 1 கோடி டாலராக, சுமார் 43,000 டாலருக்கு நிகரமாக வாங்கினால் போதும். அதனால்தான் சார்ட் அவ்வளவு வேகமாக ஏறுகிறது. ஆனால் அந்த உச்சியில் பூலில் இருப்பது சுமார் 63,000 டாலர்தான். 1 கோடி டாலர் வைத்திருப்பதாக நம்புகிற அத்தனை பேரும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். முதலில் விற்பவருக்குப் பணம், கடைசியில் விற்பவருக்குச் சில்லறை.

டோஜ்காயினோடு ஒப்பிடுவதும் சரியில்லை. அது 2013 டிசம்பரில் தொடங்கியது, சொந்தச் சங்கிலி உள்ளது, நிமிடத்துக்குச் சுமார் 10,000 புதுக் காயின் மைனர்களுக்கு (அந்தச் சங்கிலியைக் கணினி வைத்து இயக்குபவர்களுக்கு) போகிறது. இவர்கள் சொல்லும் காயினை பம்ப்.ஃபன் போன்ற தளத்தில் நிரல் எழுதத் தெரியாதவரும் சில நிமிடங்களில் உருவாக்கலாம். ஒரு காயின் எத்தனை சென்ட் என்பதும் பொருளற்றது. 100 கோடிக்குப் பதில் 1 கோடி காயின் அச்சடித்திருந்தால் அதே மதிப்புக்கு விலை 10 சென்ட் என்று காட்டியிருக்கும்.

சங்கிலிவாசகன்:
வாங்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பெயரை வைத்துத் தேடவே தேடாதீர்கள். ஒரே பெயரில், ஒரே படத்தோடு பத்துப் போலிகள் இருக்கும். கான்ட்ராக்ட் முகவரியை (அந்தக் காயினுக்கு மட்டுமே உரிய முகவரி) எடுத்து, சொலானா பரிவர்த்தனைகளைக் காட்டும் சோல்ஸ்கேன் தளத்தில் போடுங்கள்.

அங்கே மின்ட் அதாரிட்டி யாரிடமாவது இருந்தால் அவர் நினைத்த நேரத்தில் புதுக் காயின் அச்சடித்து விற்கலாம். ஃப்ரீஸ் அதாரிட்டி இருந்தால் உங்கள் கணக்கில் உள்ள காயினை நகர முடியாமல் முடக்கலாம். இரண்டும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது எல்.பி. டோக்கன், அதாவது பூலில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் உரிமைச்சீட்டு. அதை எரித்திருக்கிறார்களா (யாரும் பயன்படுத்த முடியாதபடி அழிப்பது), பூட்டியிருக்கிறார்களா, பூட்டு எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். அது உருவாக்கியவர் கையிலேயே இருந்தால் டாலர் பக்கம் முழுவதையும் ஒரே பரிவர்த்தனையில் உருவிவிடலாம். ரக் புல் என்பது இதுதான்.

பிறகு ஹோல்டர்கள், அதாவது காயின் வைத்திருப்பவர்கள் பட்டியல். பூலின் முகவரியைத் தள்ளிவிட்டு முதல் 10 பேரிடம் எத்தனை சதவீதம் என்று கூட்டுங்கள். தனித்தனி வாலட்டாக (கிரிப்டோ பணப்பை) தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் சோல் எங்கிருந்து வந்தது என்று திறந்து பாருங்கள். ஒரே வாலட்டிலிருந்து வந்து, காயின் வெளியான அதே நொடியில் எல்லாரும் வாங்கியிருந்தால் அத்தனையும் ஒரே ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய பெயர் இருந்தாலும் இதைப் பார்க்கத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் வந்த டிரம்ப் காயினில் 100 கோடியில் 80 கோடி அவர் தரப்பு நிறுவனங்களிடம்தான் இருந்தது, மூன்று ஆண்டுகளில் படிப்படியாகத் திறக்கும் ஏற்பாட்டோடு.

எத்திரியம், பி.என்.பி. சங்கிலிகளில் இன்னொரு ஆபத்து உண்டு: வாங்கலாம், விற்க முடியாது. 2021-ல் ஸ்குவிட் காயின் 2,800 டாலரைத் தாண்டியபோது வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. 500 ரூபாய்க்கு வாங்கி உடனே விற்றுப் பாருங்கள். அது நடந்துவிட்டால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். கான்ட்ராக்டின் (காயினை இயக்கும் நிரலின்) உரிமை கைவிடப்படாவிட்டால், விற்கும்போது அது பிடித்துக்கொள்ளும் பங்கை நாளைக்கே 99 சதவீதமாக மாற்ற முடியும்.

சின்னப் பூலில் ஸ்லிப்பேஜை, அதாவது திரையில் காட்டும் விலையிலிருந்து எவ்வளவு விலகினாலும் சம்மதம் என்ற அளவை, 15, 20 சதவீதம் என்று ஏற்றி வைக்காதீர்கள். தானாக வாங்கி விற்கும் நிரல்களான பாட்கள் உங்களுக்கு முன்னால் வாங்கி, பின்னால் விற்று, அந்த இடைவெளியைத் தின்றுவிடும். இதற்கென்று தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வாலட்டில் வந்து விழும் காயினைத் தொடவே கூடாது.

வரிக்கணக்கு:
நஷ்டத்தைக் கழிக்க முடியாது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினில் 30,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம் என்று வையுங்கள். கையில் 10,000 குறைந்திருந்தாலும் 30,000-க்கு 9,360 ரூபாய் கட்டியாக வேண்டும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. கழிவு வாங்கிய விலைக்கு மட்டுமே. சோலைக் கொடுத்து மீம் காயின் வாங்குவதும் சோலை விற்றதாகவே கணக்கு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை எண் மூன்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

தறிக்காரன்:
மூவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். மின்ட், ஃப்ரீஸ் இரண்டும் நீக்கியிருக்கிறார்கள், எல்.பி. எரிக்கப்பட்டிருக்கிறது. முதல் 10 வாலட்டில் 41 சதவீதம், அதில் ஏழுக்கு ஒரே இடத்திலிருந்துதான் சோல் வந்திருக்கிறது. எல்.பி. எரித்துவிட்டதால் பயமில்லை என்கிறார்கள் குழுவில்.

கணக்குப்புலி:
எல்.பி. எரிப்பு பூலை உருவுவதைத்தான் தடுக்கும், விற்பதைத் தடுக்காது. அந்த 41 கோடியும் வந்து விழுந்தால் பூலில் 43 கோடி காயின், சுமார் 930 டாலர் மிஞ்சும். அப்போது உங்கள் 20,000 ரூபாயின் மதிப்பு ஏறக்குறைய 43 ரூபாய். போடாதீர்கள்.