ஹோல்டன் யூட்: அமெரிக்காவுக்கு இறக்கியவர்கள் யாராவது உண்டா?

கேள்வி:
ஆஸ்திரேலியாவில் ஒரு 2001 ஹோல்டன் யூட் (அந்த ஊர் பிக்கப்), வியூ (VU) மாடல், பார்த்து வைத்திருக்கிறேன். 5.7 லிட்டர் வி8, மேனுவல் கியர். முன்னாடி கார், பின்னாடி தொட்டி. மனசு அதிலேயே நிற்கிறது. 25 வருட விதி (அவ்வளவு பழசானால்தான் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில் விலக்கு), வரி, அப்புறம் வரும் தலைவலி எல்லாம் சொல்லுங்கள்.

பதில்:
வருடம் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. 25 வருடம் என்பது தயாரான மாதத்திலிருந்து கணக்கு. இன்ஜின் பக்கம் இருக்கிற தகட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

பதில்:
என்னிடம் இருப்பது 1997 விஎஸ் (VS) மாடல் யூட், வி6. லாரி வகையில் போட்டால் 1964-லிருந்து இருக்கிற 25 சதவீத இறக்குமதி வரி, 'சிக்கன் டாக்ஸ்', விழலாம், அதையும் மனசில் வைத்தே பட்ஜெட் போடுங்க. கப்பலேற்றும் முன் அடிப்பக்கத்தை நீராவியில் கழுவ வையுங்க. மண் ஒட்டியிருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்துவாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. இன்னும் சீட் நகரும் தடத்தைத் துடைத்தால் செம்மண் வருது!

இன்ஜின் கவலை வேண்டாம். உங்களுடையது அமெரிக்க கார்வெட் காரில் வந்த அதே எல்எஸ்1 இன்ஜின். உதிரி பாகம் தேடுவதில் உயிர் வாங்குவது பின்கதவும் டெயில் லைட்டும்தான். ஒரு கண்ணாடி உடைந்து, ஆறு வாரம் சிவப்பு டேப்போடு ஓட்டினேன்.

பதில்:
இன்சூரன்ஸை முதலில் பேசிடுங்க. "இப்படி ஒரு வண்டியே இல்லை"ன்னு கம்ப்யூட்டர் சொல்லும்.

கேள்வி கேட்டவர்:
தகடு போட்டோ வந்தாச்சு, 08/01, அதாவது 2001 ஆகஸ்ட். கப்பலுக்கு விலை கேட்கப் போறேன்.