தொட்டிக்குள்ள வெள்ளை ஊரிகள்: எதை விடுறது, எதை எடுக்கிறது?

உவர்மலைத் தொட்டி
வணக்கம். மூண்டடிப் பவளத் தொட்டி, எட்டு மாசம் ஆகுது. கல்லெல்லாம் கொழும்பில தொட்டியை மூடின ஒராளிட்ட வாங்கினது. ரெண்டு கிழமையா எங்க பாத்தாலும் வெள்ளையா ஏதோ கிடக்கு. கண்ணாடியில குண்டூசித் தலையளவு சுருள்கள், அசையிறேல்ல. கல்லில முள்ளு மாதிரிக் கெட்டிக் குழாய், வாயிலயிருந்து சிலந்தி நூல் மாதிரி ஒண்டு ஆடுது. இரவில கல்லுக்கு அடியில உருண்டை ஊரிகள் கூட்டமா வருது. இதுக்கிடையில பாசி தின்ன விட்டிருந்த ரெண்டு டர்போ ஊரி செத்துப் போச்சு. மூண்டாவது சோர்ந்து கிடக்கு, அதின்ர ஓட்டு விளிம்பில குறுணல் அரிசி மாதிரி என்னவோ ஒட்டியிருக்கு. போன் படம் தெளிவில்லை. கடையில செம்பு மருந்து விடச் சொன்னவை. விடலாமோ?

சல்லிக்காரன்
தம்பி, செம்பு மட்டும் விடாதேங்கோ! ஊரி, இறால், பவளம் எல்லாம் போகும். கல்லும் மண்ணும் அதை இழுத்து வைச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமா விடும்.

தண்ணி எங்க எடுக்கிறியள்? மார்கழி மழையில கரைத்தண்ணி உப்புக் குறைஞ்சிடும், கொட்டியாரக் குடாவுக்க மாவலி வேற வந்து விழுகுது. டர்போ சாக அதுவும் காணும். அளந்து பாருங்கோ.

உவர்மலைத் தொட்டி
அளந்தன் அண்ணை, உப்புத் தண்ணியின்ர அடர்த்தி 1.025. தண்ணி சரி.

அலையக்கா
அப்ப குறுணலைப் பாப்பம். விளக்கு அணைச்சு ரெண்டு மணித்தியாலத்தால, ரோச் கண்ணாடியில சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு டர்போவைப் பாருங்கோ. ஒட்டியிருக்கிறது நீட்டுக் கூம்போ, உருண்டையோ? எத்தினை?

உவர்மலைத் தொட்டி
கூம்பு அக்கா. 2 மில்லிமீற்றர் வரும். ஒரு டர்போவில பதினொண்டு எண்ணினன். காலையில பாதியைக் காணேல்ல.

அலையக்கா
அப்ப அது பிரமிடெலிட். ஒட்டுண்ணி. மற்ற ஊரிகள் பாசி சுரண்டுற அரநாக்கு இதுக்கு இல்லை. நீட்டுத் தும்பிக்கையைக் குத்தி உடல்நீரை உறிஞ்சும். டிரைடக்னா எண்ட ராட்சத மட்டி வைச்சிருந்தா அதின்ர அடிப்பக்கத்தையும் பாருங்கோ, அதுகும் இதுக்குப் பிடிச்ச இடம்.

டர்போவைத் தொட்டித் தண்ணி எடுத்த சட்டியில விட்டு, பழைய மெல்லிய பல்லு பிரஷால ஓட்டைத் தேயுங்கோ. சுருள் வரிப் பள்ளத்தில ஜெல்லி மாதிரி முட்டைத் திட்டு இருக்கும், அதை விட்டியளெண்டா தேய்ச்சது வீண். பிறகு டர்போவை வேற சட்டியில வைச்சு மூண்டு நாளைக்கு ஒருக்கா தேயுங்கோ, ஒரு மாசத்துக்கெண்டாலும். சிக்ஸ்லைன் ராஸ் எண்ட மீன் இதைத் தின்னும் எண்டு சொல்லுவினம். தின்னும்தான், ஆனா சின்னத் தொட்டியில மற்ற மீனைத் துரத்துறதிலதான் அதுக்கு அக்கறை கூட.

அடிக்கல்லில வாற உருண்டையள் கொலொனிஸ்டா. 5 மில்லிமீற்றருக்கு மேல பெருசா வளராது, பாசி தின்னும். அதுகளை விடுங்கோ. பிரமிடெலிட்டைக் கொல்லப் போய் இதுகளை அள்ளி எறிஞ்ச ஆக்களில நானும் ஒராள்.

கண்ணாடிச் சுருள் ஊரியே இல்லை, குழாய்ப்புழு. சும்மா விடலாம்.

சல்லிக்காரன்
நூல் விடுற குழாய் வெர்மெடிட் ஊரி. சளி வலை வீசித் தண்ணியில மிதக்கிற சாப்பாட்டைப் பிடிக்கும், வலை படுற பவளம் சுருங்கும். நுனியை மட்டும் முறிச்சா உள்ளுக்க இழுத்துக்கொண்டு பிறகு கட்டும். சூப்பர் குளூ ஜெல்லால வாயை அடைச்சு விடுங்கோ. தூள் சாப்பாட்டையும் குறையுங்கோ, அதாலதான் இவ்வளவு பெருகுது.

இன்னொண்டு: வரி வரியா வடிவான கூம்புச் சங்கு வந்தா வெறுங்கையால தொடாதேங்கோ. சில இனம் ஆளையே கொல்லும். ஆசைப்பட்டு நிலாவெளிப் பக்கத்துப் புறாமலைத் தீவுக் கல்லு ஒண்டும் எடுத்திட்டு வராதேங்கோ, 2003 இலயிருந்து அது தேசியப் பூங்கா.

உவர்மலைத் தொட்டி
மூண்டு தரம் தேய்ச்சாச்சு. நேற்று டர்போவில ரெண்டுதான் இருந்தது, கண்ணாடியில ஏறத் தொடங்கீட்டுது. இப்ப புதுசா ஒண்டு: நத்தை மாதிரி, முதுகில நகம் அளவு ஓடு, வேகமா ஓடுது. தொட்டன், பல்லி மாதிரி வாலைக் கழட்டி விட்டிட்டுப் போட்டுது!

அலையக்கா
அதுவும் ஒரு ஊரிதான், ஸ்டோமடெல்லா. நல்ல பிள்ளை, இரவெல்லாம் பாசி சுரண்டும். வால் வளரும். இனித் தொடாதேங்கோ.