சேர்வராயன் கோயில் உச்சியில் மூன்று உயரம் காட்டுகிறது, எதை நம்புவது?

குண்டூர்_நடை

எல்லோருக்கும் வணக்கம். சேலத்துக்காரன், மாதம் ஒரு முறையாவது ஏற்காட்டுக்கு நடந்து ஏறுவேன். புதிதாக ஒரு கையடக்க ஜிபிஎஸ் வாங்கினேன், உள்ளே காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உணரியும் (பாரோமீட்டர்) இருக்கிறது. பாதை பிரமாதமாகப் பதிவாகிறது, உயரம்தான் படுத்துகிறது.

முதல் தடவை விடியற்காலை வீட்டில் கருவியின் உயரத்தை 278 மீட்டர் என்று வைத்துவிட்டு, தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டி, குண்டூர் வழியாக ஏறி, மதியம் சேர்வராயன் கோயில் போய்ச் சேர்ந்தேன். கருவி காட்டியது 1,556. எல்லா இடத்திலும் 1,623 என்றுதானே போட்டிருக்கிறார்கள்? அடுத்த தடவை பஸ்ஸில் போய், காலை 10 மணிக்குக் கோயில் வாசலிலேயே 1,623 என்று வைத்தேன். நாகலூர் பக்கம் சுற்றிவிட்டு நாலு மணிக்கு அதே இடத்தில் வந்து நின்றால் 1,651! பக்கத்தில் என் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி 1,531 என்கிறது. கருவியை மாற்றிக் கேட்கலாமா, இல்லை நான்தான் ஏதாவது தவறு செய்கிறேனா?

வரைபடப்பித்து

கருவியை மாற்ற வேண்டாம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

போனை முதலில் பார்த்துவிடுவோம். 1,623-க்கும் 1,531-க்கும் வித்தியாசம் 92. இந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஜிபிஎஸ் கணக்குப் போடுவது கடல்மட்டத்திலிருந்து இல்லை. பூமியை வழவழப்பான நீள்வட்டக் கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து போடுகிறது. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேலும் கீழுமாக இருக்கும். உலகத்திலேயே அது அதிகமாகத் தாழ்ந்து கிடக்கும் இடம் நம் தெற்கே, இலங்கையை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில்தான், அங்கே 100 மீட்டருக்கு மேல் பள்ளம். சேலம் பக்கத்தில் சுமார் 90. அதனால் கடல்மட்டத் திருத்தம் செய்யாத செயலி நம் ஊரில் 90 மீட்டர் குறைவாகவே காட்டும். கையடக்கக் கருவிகள் இந்தத் திருத்தத்தை உள்ளேயே வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பில்தான் கடல்மட்ட உயரத்தைத் தனியாகக் கொடுக்கும் வழி வந்தது. செயலியின் அமைப்புகளில் கடல்மட்டம் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் 90 கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திரையில் ±5 மீ என்று வருவது பெரும்பாலும் பக்கவாட்டுப் பிழைதான். உயரத்தில் பிழை அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு வரும். பக்கவாட்டில் நாலு திசையிலும் செயற்கைக்கோள் கிடைக்கும், காலுக்குக் கீழே ஒன்றும் கிடைக்காதே, பூமி மறைக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கச் சரிவு பாதி வானத்தை மூடிவிடும், காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழலில் இன்னும் மோசம். நான் வெட்டவெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் கருவியை அசையாமல் வைத்துவிட்டுத்தான் உயரத்தைக் குறிப்பேன்.

பழைய_சர்வேயர்

தம்பி, மற்ற இரண்டு எண்ணையும் நான் சொல்கிறேன். முப்பது வருடம் நிலஅளவை வேலை, இந்தக் காற்றழுத்தத்தோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் 1,651. நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும், மழையோ புயலோ வேண்டியதில்லை. காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் அடிமட்டம், இரவிலும் அதே போல ஒரு சுற்று. பகல் இறக்கம் மட்டும் 3 மில்லிபார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு வரும். ஒரு மில்லிபார் குறைந்தால் கருவி 9, 10 மீட்டர் மேலே ஏறிவிட்டதாக நினைக்கும். நீங்கள் 10 மணிக்கு வைத்து 4 மணிக்குப் பார்த்திருக்கிறீர்கள், அதாவது வித்தியாசம் அதிகபட்சமாக இருக்கும் நேரமாகப் பார்த்து! 28 மீட்டர் வந்தது சரிதான்.

1,556 வேறு கதை, இதைப் பலபேர் கவனிப்பதில்லை. அழுத்தத்தை உயரமாக மாற்றும் கணக்கு, கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போகக் குளிர்ச்சி என்று ஒரு பொதுக் காற்றை வைத்துக்கொள்கிறது. சேலத்துக் காற்று எந்த மாதத்தில் அப்படி இருந்தது? சூடான காற்று லேசானது, அதில் ஏறும்போது அழுத்தம் மெதுவாகத்தான் குறையும், கருவி நீங்கள் குறைவாக ஏறியதாக எண்ணும். 10 டிகிரி கூடுதலுக்கு ஏறிய உயரத்தில் கிட்டத்தட்ட 4 சதவீதம் போய்விடும். நீங்கள் ஏறியது 1,345 மீட்டர், அதில் 50, 60 மீட்டர் இப்படியே போகும். மீதி, விடியற்காலையில் நீங்கள் வைத்த பிறகு அழுத்தம் ஏறியதால், அதைக் கருவி இறக்கமாக எண்ணிக்கொள்ளும்.

அதனால் அடிவாரத்தில் வைத்த எண்ணை நம்பி உச்சியில் படிக்காதீர்கள். மேலே போனதும் உயரம் தெரிந்த இடத்தில் திரும்ப வையுங்கள். ஆனால் ஏரிக்கரையில் நின்றுகொண்டு 1,515 என்று வைத்துவிடாதீர்கள், அது ஏற்காட்டுக்குப் பொதுவாகச் சொல்கிற எண், ஏரி அதைவிட நன்றாகவே கீழே இருக்கிறது. சேலத்தில் வைக்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்து மஞ்சள் பலகை இருக்கிறது, அதில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும்.

அடிவாரம்_சைக்கிள்

தானாகச் சரிசெய்யும் வசதியை எதற்கு அணைத்தீர்கள்? அதுதான் ஜிபிஎஸ் உயரத்தை வைத்து அழுத்த உயரத்தை மெதுவாக இழுத்துப் பிடிக்கிறது. நீண்ட நடைக்கு அது இயங்கட்டும். வாங்க யோசிப்பவர்களுக்கு: கார்மின் ஈட்ரெக்ஸ் கையடக்க ஜிபிஎஸ்களில் 22எக்ஸில் பாரோமீட்டர் கிடையாது, 32எக்ஸில் உண்டு.

வீட்டுக்கு வந்து இணையத்தில் உயரத்தைத் திருத்தும் வசதியும் நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த தரவு, 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம்தான். ஏற்காட்டுப் பகோடா பாயிண்ட் மாதிரி மலை விளிம்பில் நின்றால் பாறையையும் பள்ளத்தையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும்.

குண்டூர்_நடை

ஐயா, நேற்று ஞாயிற்றுக்கிழமை கருவியை வீட்டு மொட்டை மாடி நிழலில் வைத்துவிட்டேன். 10 மணிக்கு 278 என்று வைத்தது 4 மணிக்கு 307, இரவு 10 மணிக்குப் பார்த்தால் 283. அப்படியே நீங்கள் சொன்னது! போனில் கடல்மட்டத் தேர்வும் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் தானாகச் சரிசெய்வதைப் போட்டுவிட்டுக் குண்டூர் வழியாகவே ஏறுகிறேன், கோயிலில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.